கையைத் தூக்கினால் தெரியும்: டிஜிட்டல் பாத்திர உருவாக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

திரைப்படத்தில் டைனோசர் ஓடினாலும், வீடியோ கேமில் வீரன் வாள் சுழற்றினாலும், குழந்தைகளுக்கான தொடரில் யானை பாட்டுப் பாடினாலும் நாம் எல்லாவற்றையும் ‘கிராபிக்ஸ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். நடிகருக்குப் புள்ளிகள் ஒட்டிய உடையை மாட்டிவிட்டால் திரையில் உருவம் தானாக ஆடிப்பாடும் என்று இன்னொரு சாரார் நம்புகிறார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு இத்துறையில் சேர நினைக்கும் மாணவர்களும், கட்டணம் கட்டப்போகும் பெற்றோர்களும் ‘என்னென்ன சாஃப்ட்வேர் சொல்லித் தருவீர்கள்?’ என்றே முதலில் கேட்கிறார்கள். விளம்பரங்களும் சாஃப்ட்வேர் பெயர்களை வரிசையாக அடுக்கியே அதற்குப் பதில் சொல்கின்றன. கேள்வியும் பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதால், இரண்டுமே விஷயத்தைத் தொடாமல் நழுவிவிடுவது யாருக்கும் உறைப்பதில்லை.

அழகாக நிற்கும் ஓர் உருவத்தைச் செய்வது ஒரு வேலை. அசைந்து நடிக்கக்கூடிய பாத்திரத்தைச் செய்வது வேறொரு வேலை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், இத்துறையில் ஏன் இத்தனை கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது, மாணவர் எதைப் படிக்க வேண்டும் என்பவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். கணிதச் சமன்பாடுகளும் சாஃப்ட்வேர் பொத்தான்களின் பெயர்களும் இல்லாமலே அதை விளக்க முடியும்.

தையல்காரரின் சிக்கல்

நேராக நிற்கும்போது உடம்போடு ஒட்டி எடுப்பாகத் தெரியும் ஒரு சட்டை, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியதும் அக்குளில் இறுக்கிப் பிடிக்கிறது. கீழ்விளிம்பு இடுப்புக்கு மேலே ஏறிக்கொள்கிறது. துணி நல்ல துணிதான், நிறமும் நன்றாகத்தான் இருக்கிறது. தோள் எவ்வளவு உயரும், கை எந்தப் பக்கமெல்லாம் திரும்பும் என்பதை எண்ணிப் பார்க்காமல் வெட்டியதால் வந்த குறை அது. தேர்ந்த தையல்காரர் அக்குள் வளைவை வெட்டும்போதே, அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவரின் அசைவையும் மனத்தில் வைத்திருப்பார். ஹேங்கரில் தொங்கும் சட்டையைப் பார்த்து அவருடைய திறமையை எடைபோட முடியாது.

டிஜிட்டல் பாத்திரமும் ஏறக்குறைய இப்படித்தான். அதுவும் தட்டையான துண்டுகளை ஒட்டி உண்டாக்கிய மெல்லிய மேற்பரப்பு. அதற்கும் தையல் கோடுகள் உண்டு. அதை அசைப்பதற்கு உள்ளே வேறொன்று வேண்டும். அதன் குறைகளும் கையைத் தூக்கும்போதுதான் வெளிப்படும். ஒப்புமையை அளவுக்கு மேல் இழுக்காமல் உண்மையான இயக்கத்துக்கு வருவோம்.

உள்ளே ஒன்றுமில்லாத உடல்

கணினிக்கு முகமோ கையோ தெரியாது, எண்கள்தான் தெரியும். இடவலம், மேல்கீழ், முன்பின் என்ற மூன்று எண்களைக் கொடுத்தால் வெளியில் ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லிவிடலாம். இப்படி இடம் குறிக்கப்பட்ட புள்ளி ‘வெர்டெக்ஸ்’ எனப்படும். இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டை ‘எட்ஜ்’ என்றும், கோடுகள் சூழ்ந்த சிறு தட்டைத் துண்டைப் ‘பாலிகான்’ என்றும் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான பாலிகான்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டி உருவாகும் வலைதான் ‘மெஷ்’. திரையில் நாம் காணும் பாத்திரத்தின் உடல் என்பது இந்த வலையே. தசை, கொழுப்பு, குருதி எதுவும் அதற்குள் கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 1972-ஆம் ஆண்டின் ஒரு குறும்படம் இருக்கிறது. பின்னாளில் பிக்சார் என்ற அனிமேஷன் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான எட் கேட்மல், அப்போது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவர். தம் இடக்கையைக் கணினிக்குள் கொண்டுவர விரும்பிய அவர், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையை அழுத்தி அச்செடுத்தார். முன்கூட்டியே வாசலின் தடவ மறந்துவிட்டதால், கையை வெளியே இழுக்கும்போது புறங்கை மயிரெல்லாம் அச்சோடு பிய்ந்து வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த அச்சிலிருந்து வார்த்த கைமாதிரியின்மேல் மையால் ஏறத்தாழ 350 முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்து, ஒவ்வொரு மூலையின் இடத்தையும் அளந்து, எண்களாகக் கணினிக்குள் ஏற்றினார். படத்தில் அந்தக் கை விரல்களை மடக்கிக் காட்டுகிறது. ஒரு கட்டத்தில் பார்வை மணிக்கட்டின் பக்கமிருந்து கையின் உள்ளே நுழைந்து விரல்களை நோக்கிப் போகிறது. அங்கே கையுறையின் உட்புறத்தைப் போல வெற்றிடம் மட்டுமே இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் பாலிகான்களின் எண்ணிக்கை சில நூறுகளிலிருந்து பல லட்சங்களுக்கு ஏறிவிட்டது. ஆனால் அடிப்படை அமைப்பு அன்றுபோலவே இருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: புள்ளிகளுக்கு எண்கள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள், கோடுகளுக்கு இடையே துண்டுகள், துண்டுகள் சேர்ந்தால் மெஷ் எனும் வெற்று மேற்பரப்பு. இனி அந்த வலையை எப்படிப் பின்னுகிறார்கள் என்று பார்க்கலாம்.

ஒரே உருவத்தை இரண்டு முறை செய்வது ஏன்?

பாத்திரத்தின் தோற்றத்தை முதலில் ஓவியர் வரைகிறார். அதைப் பார்த்து முப்பரிமாண உருவத்தைச் செய்யும் வேலைக்கு ‘மாடலிங்’ என்று பெயர். இதற்கு இன்று பெரிதும் கையாளப்படும் வழி ‘ஸ்கல்ப்டிங்’. ஜீபிரஷ், பிளெண்டர் போன்ற சாஃப்ட்வேர்களில், டிஜிட்டல் பேனாவால் மேற்பரப்பை இழுத்தும் அழுத்தியும் சுரண்டியும் உருவத்தைச் செதுக்குகிறார்கள். மூக்கு நுனியின் துளைகளும் உதட்டின் வெடிப்புகளும் தெரியும் அளவுக்கு நுட்பமாகச் செதுக்கலாம். அந்நிலையில் மெஷ் பல கோடிப் பாலிகான்களாகக்கூடப் பெருகியிருக்கும். இணையத்தில் நாம் வியந்து பார்க்கும் உருவங்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தோடு நின்றவை. பார்வைக்கு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும் இடம் இதுதான்; உண்மையில் பாதிக் கிணறுகூடத் தாண்டியிருக்க மாட்டோம்.

செதுக்கிய மெஷ்ஷில் புள்ளிகள் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு ஒழுங்கும் கிடையாது. கை போன போக்கில் பெருகியவை அவை. அதை அப்படியே மடக்கினால் முழங்கை எங்கே மடிய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எனவே செதுக்கிய உருவத்தின் மேலேயே, குறைவான பாலிகான்களைக் கொண்ட புதிய வலை ஒன்றை ஒழுங்காகப் பின்னுகிறார்கள். பாலிகான்களின் கோடுகள் உடலின்மேல் ஓடும் ஒழுங்குக்கு ‘டோபாலஜி’ என்றும், இவ்வாறு மறுபடி பின்னுவதற்கு ‘ரீடோபாலஜி’ என்றும் பெயர். புதியவர்களுக்கு இது அலுப்பூட்டும் வேலையாகத் தெரியும். பாத்திரம் நடிக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் தீர்மானமாவதோ இங்கேதான்.

கோடுகள் எப்படி ஓட வேண்டும் என்பதை உடலே சொல்லிக்கொடுக்கிறது. கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் இருக்கும் தசைகள் வட்டமாக அமைந்தவை. அவை சுருங்கித்தான் நாம் கண்ணை மூடுகிறோம், உதட்டைக் குவிக்கிறோம். எனவே மெஷ்ஷின் கோடுகளும் அவ்விடங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாக ஓட வேண்டும். முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் குறைந்தது மூன்று வளையங்களாவது இல்லையென்றால் மடிப்பு கூராக முறிந்து, அட்டைக் குழாயை வளைத்ததுபோல் தெரியும். உடற்கூறு தெரியாதவர் இக்கோடுகளை எங்கிருந்தோ பார்த்துப் பெயர்த்தெழுதலாம். வழக்கத்துக்கு மாறான உடலமைப்புள்ள ஓர் உயிரினத்தைச் செய்யச் சொன்னால் அங்கே திணறிவிடுவார்.

பாலிகான்கள் பெரும்பாலும் நான்கு பக்கங்கள் கொண்டவையாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. எட் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் 1978-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள்: மெஷ்ஷின் ஒவ்வொரு நாற்பக்கத் துண்டையும் நான்காகப் பிரித்து, புள்ளிகளைச் சற்றே நகர்த்தி, மேற்பரப்பை வழவழப்பாக்குவது. 8,000 துண்டுகள் ஒரு முறை பிரித்தால் 32,000 ஆகும். இன்னொரு முறை பிரித்தால் 1,28,000 ஆகும். அசைப்பவர் 8,000 துண்டுகளை மட்டும் கையாள்வார். பார்வையாளர் வழுவழுப்பான மேற்பரப்பைக் காண்பார். பிக்சார் 1997-இல் எடுத்த, தனியாகச் சதுரங்கம் ஆடும் முதியவரைப் பற்றிய குறும்படத்தில் இம்முறை பாத்திர உருவாக்கத்துக்குப் பயன்பட்ட பிறகு, அது இத்துறையின் பொதுவழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்று பக்கத் துண்டுகளும் ஐந்து பக்கத் துண்டுகளும் கலந்திருக்கும் இடங்களில் இப்படிப் பிரிக்கும்போது சிறு புடைப்புகளும் நெளிவுகளும் தோன்றும்; கன்னத்தில் அவை விழுந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

தோலும் அதன்மேல் விழும் ஒளியும்

நிறம் பூசும் கட்டத்தை விரைவாகக் கடந்துவிடலாம். தவறான கருத்துகள் இங்கே குறைவு. முப்பரிமாண உருவத்தின்மேல் படம் ஒட்ட வேண்டுமானால், சட்டையின் தையலைப் பிரித்துத் துணியை மேசைமேல் விரிப்பதுபோல் மெஷ்ஷைத் தட்டையாக விரிக்க வேண்டும். இந்த விரிப்புக்கு ‘யூவி’ என்று பெயர். தையல் கோடுகளைக் கண்ணில் படாத இடங்களான காதுக்குப் பின்புறம், கையின் உட்பக்கம், தலைமயிருக்கு அடி ஆகியவற்றில் ஒளித்துவைப்பார்கள். விரித்த பரப்பின்மேல் ஒட்டும் படங்கள்தான் ‘டெக்ஸ்ச்சர்’. ஒரு படம் நிறத்தைச் சொல்லும். இன்னொன்று எந்த இடம் பளபளக்கும், எந்த இடம் சொரசொரப்பாக இருக்கும் என்று சொல்லும். ‘நார்மல் மேப்’ என்பது மூன்றாவது வகை. செதுக்கிய உருவத்தில் இருந்த சிறு மேடுபள்ளங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதை நிறங்களாகப் பதிவு செய்து, எளிய மெஷ்ஷின்மேல் அதை ஒட்டிவிட்டால், ஒளி விழும்போது அந்த மேடுபள்ளங்கள் உண்மையில் இருப்பதாகக் கண் ஏமாறும். உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் அதனால் ஏமாற்ற முடியாது. வீடியோ கேமில் ஒரு பாத்திரத்தின் தலையைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால், நெற்றிச் சுருக்கங்கள் இருந்தும் விளிம்பு மட்டும் வழவழவென்று ஓடுவதைக் காணலாம்.

மனிதத் தோலில் மட்டும் நிறமும் பளபளப்பும் போதவில்லை. தோலின்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி உள்ளே புகுந்து, சிதறி, சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் காது மடல் சிவந்து ஒளிர்வது இதனால்தான். இதற்கு ‘சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங்’ என்று பெயர். ஹென்ரிக் வான் ஜென்சன் உள்ளிட்ட நால்வர் 2001-இல் இதைக் கணினியில் நடைமுறைக்கு ஏற்றவாறு கணக்கிடும் வழியை வெளியிட்ட பிறகு, டிஜிட்டல் முகங்களில் தெரிந்த பிளாஸ்டிக் சாயல் பெருமளவு குறைந்தது.

சுருங்கச் சொன்னால், இப்போது நம்மிடம் ஒழுங்காகப் பின்னிய வலையும் அதன்மேல் தோலும் இருக்கின்றன. இன்னும் அது ஹேங்கரில் தொங்கும் சட்டைதான்.

எலும்பும் எடையும்

பாத்திரத்தை அசையவைப்பதற்கான உள்கட்டமைப்பை உண்டாக்கும் வேலை ‘ரிக்கிங்’. கைகளைப் பக்கவாட்டில் விரித்து நிற்கும் மெஷ்ஷுக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டுகளை வரிசையாக வைக்கிறார்கள். மூட்டுகளுக்கு இடையே எலும்பு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தோள் மூட்டு சுழன்றால் அதற்குக் கீழுள்ள முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும் கூடவே நகரும். விரல் அசைந்தால் தோள் அசையாது.

மூட்டு சுழன்றால் மெஷ் ஏன் நகர வேண்டும்? இவ்விரண்டையும் இணைப்பது ‘ஸ்கின்னிங்’. மெஷ்ஷின் ஒவ்வொரு புள்ளிக்கும், எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்று ஒரு பின்னம் ஒதுக்குகிறார்கள், அதுதான் ‘வெயிட்’. மேற்கையின் நடுவிலுள்ள புள்ளி மேற்கை எலும்புக்கு 1.0, மற்றவற்றுக்குச் சுழியம். முழங்கைக்கு அருகிலுள்ள புள்ளி மேற்கை எலும்புக்கு 0.5, முன்கை எலும்புக்கு 0.5. ஒரு புள்ளியின் வெயிட்கள் கூட்டினால் எப்போதும் 1 வர வேண்டும். பார்ப்பதற்கு எளிய ஏற்பாடு. தொடக்க மாணவர்களின் பாதித் துன்பம் இதிலிருந்தே பிறக்கிறது.

முழங்கையை மடக்கும்போது என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். பாதிப்பாதி கட்டுப்பட்ட அந்தப் புள்ளிக்கு மேற்கை எலும்பு ‘இருந்த இடத்திலேயே இரு’ என்கிறது. முன்கை எலும்பு ‘என்னோடு சுழன்று வா’ என்கிறது. கணினி இரண்டு இடங்களையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்து, கோட்டின் நடுவில் புள்ளியை வைத்துவிடுகிறது. சுழற்சி என்பது வில்லாக வளைந்து செல்லும் பாதை. நேர்க்கோடு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. எனவே புள்ளி இருக்க வேண்டிய இடத்தைவிடச் சற்று உள்ளே அமிழ்ந்துவிடும். முழங்கை மெலிந்து போகும்.

மணிக்கட்டைத் திருப்பினால் நிலைமை இன்னும் மோசம். உள்ளங்கையை 180 பாகை திருப்பியதும், மணிக்கட்டின் மேற்பக்கத்தில் இருக்கும் ஒரு புள்ளியை முன்கை எலும்பு ‘மேலேயே இரு’ என்கிறது. கை எலும்பு ‘அடிப்பக்கம் வா’ என்கிறது. மேலும் கீழும் நேரெதிர். நடுப்புள்ளி எலும்பின் மேலேயே விழுகிறது. சுற்றியுள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் இதே கதி. மணிக்கட்டின் தடிமன் சுழியமாகி, முறுக்கிய மிட்டாய்த் தாள்போல் ஆகிவிடும். தொழிலில் இதற்குக் ‘கேண்டி ராப்பர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

தீர்வை உடலிலேயே காணலாம். முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டுத் தோல் முழுதாகத் திரும்புகிறது. முன்கையின் நடுத்தோல் பாதி திரும்புகிறது. முழங்கையை ஒட்டிய தோல் அநேகமாக அசைவதே இல்லை. முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மற்றொன்றின்மேல் குறுக்கே புரள்வதால்தான் கை திரும்புகிறது. இதை அறிந்த ரிக்கர் முன்கையின் நீளத்தில் கூடுதல் மூட்டுகளை வைத்து, திருப்பத்தை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்.

தோள் இதைவிடக் கடினம். கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கும்போது அது தொங்கும் நிலையிலிருந்து 180 பாகை உயர்கிறது. அதில் ஏறத்தாழ 120 பாகைதான் மேற்கை மூட்டின் பங்கு. மிச்சம் 60 பாகையும் முதுகில் தோள்பட்டை எலும்பு நகர்ந்து சுழல்வதால் கிடைக்கிறது. புதியவர்கள் தோளில் ஒரே ஒரு மூட்டை வைத்து அதற்கே 180 பாகையையும் சுமத்துகிறார்கள். அக்குள் உள்நோக்கி இடிந்துவிழுகிறது. அனுபவமுள்ளவர்கள் காறை எலும்புக்கும் தோள்பட்டைக்கும் தனி மூட்டுகள் வைத்துச் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கிறார்கள். அதற்குப் பிறகும் எஞ்சும் குறைக்கு, கை குறிப்பிட்ட கோணத்தை எட்டியதும் தானாகச் செயல்படும் திருத்த வடிவங்களைக் கையாலேயே செதுக்கி வைக்கிறார்கள். ஒரு மாணவரின் வேலையை எடைபோட எனக்கு ஒரே ஒரு படம் காட்டலாம் என்றால், முகத்தைக் கேட்க மாட்டேன். கையைத் தூக்கிய நிலையில் தோளைத்தான் கேட்பேன்.

இந்த மூட்டுகளை அசைவூட்டுபவர் நேரடியாகப் பிடித்துத் திருப்புவதில்லை. ரிக்கர் அமைத்துத் தந்த கைப்பிடிகளைக் கொண்டு வேலை செய்கிறார். பாதத்தின் கைப்பிடியைத் தரையில் ஊன்றி இடுப்பை இறக்கினால், முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதைக் கணினி பின்னோக்கிக் கணக்கிட்டுக்கொள்ளும். இவ்வசதிக்கு ‘இன்வெர்ஸ் கைனமேட்டிக்ஸ்’ என்று பெயர். நடக்கும் பாத்திரத்தின் கால் தரையில் வழுக்காமல் நிற்பது இதனால்தான்.

முகத்தில் மூட்டுகள் போதாது

முழங்கைக்குப் பயன்பட்ட முறை முகத்துக்கு ஓரளவுக்கே பயன்படும். தாடை ஒரு மூட்டுதான். அதுவும்கூட வெறும் கீல் கிடையாது. காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்தால், எலும்பு சுழல்வதோடு முன்னோக்கி நழுவுவதும் விரலில் படும். மற்றபடி முகத்தின் அசைவெல்லாம் தோலை இழுக்கும் சிறு தசைகளின் வேலை. எனவே முகத்துக்கு ‘பிளெண்ட் ஷேப்’ என்ற முறையைக் கையாள்கிறார்கள். இயல்பான முகத்தை ஒருமுறையும், இடது உதட்டோரம் உயர்ந்த முகத்தை இன்னொரு முறையும் செதுக்குகிறார்கள். இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கணினி குறித்துக்கொள்கிறது. சுழியத்திலிருந்து 1 வரை ஓடும் ஒரு நழுவுபிடியை நகர்த்தினால் அந்த நகர்ச்சியில் வேண்டிய அளவு முகத்தில் ஏறும். இப்படிப் பல வடிவங்களைக் கலந்து ஒரு முகபாவத்தை உண்டாக்குகிறார்கள்.

எந்தெந்த வடிவங்களைச் செதுக்க வேண்டும் என்பதற்கு அடிப்படையாக இருப்பது, திரைத்துறைக்குத் தொடர்பே இல்லாத ஓர் ஆய்வு. உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் முக அசைவுகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். அவர்களுடைய பட்டியலில் உதட்டோரங்கள் மேலேறுவது 12-ஆம் அலகு. கன்னம் உயர்ந்து கண்ணைச் சுருக்குவது 6-ஆம் அலகு. 12 மட்டும் செயல்பட்டால் புகைப்படத்துக்குச் சிரித்த சிரிப்பு. 6-உம் சேர்ந்தால் மனம்விட்டுச் சிரித்த சிரிப்பாகத் தெரிகிறது. ‘மகிழ்ச்சி’, ‘கோபம்’ என்று முழு முகங்களாகச் செதுக்கி வைத்த பாத்திரம் அந்த நாலைந்து முகபாவங்களுக்கு மேல் நடிக்காது. அலகு அலகாகச் செதுக்கிய முகத்தால்தான் சிரிப்பை அடக்கிக்கொள்ளவும், பாதிச் சந்தேகத்தோடு தலையாட்டவும் முடியும். ஐபோனின் முன்பக்கக் கேமரா நம் முகத்தைப் பின்தொடர்ந்து பொம்மை முகத்தை ஆட்டுவதும் இதே தத்துவத்தில்தான். ஆப்பிளின் ஏஆர்கிட் என்ற மென்பொருள் தொகுப்பு அதற்கு 52 அலகுகளை வைத்திருக்கிறது.

இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால்: உடலை மூட்டுகளும் வெயிட்களும் அசைக்கின்றன, முகத்தைப் பெரும்பாலும் வடிவக் கலவை அசைக்கிறது. இரண்டுமே மெஷ்ஷின் கோடுகள் சரியான இடத்தில் ஓடினால் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும்.

மோஷன் கேப்சர் எங்கே வருகிறது?

தமிழ் வாசகர்கள் பலருக்கு ‘மோஷன் கேப்சர்’ என்ற சொல் 2014-இல் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த ‘கோச்சடையான்’ வழியாகப் பழக்கமானது. நடிகரின் உடலில் பொருத்திய குறிகளைச் சுற்றிலும் உள்ள கேமராக்கள் பின்தொடர்ந்து, அவருடைய மூட்டுகள் எந்த நொடியில் எந்தக் கோணத்தில் இருந்தன என்பதைப் பதிவு செய்கின்றன. கிடைப்பது கோணங்களின் பட்டியல் மட்டுமே. அந்தப் பட்டியல் ஏறி உட்கார ஒரு ரிக் வேண்டும். ரிக் அசைக்க ஒரு மெஷ் வேண்டும். மேலே சொன்ன வேலை எதையும் மோஷன் கேப்சர் மிச்சப்படுத்துவதில்லை. நடிகரின் கை நீளமும் பாத்திரத்தின் கை நீளமும் வேறுபட்டால், நடிகர் கைகூப்பிய இடத்தில் பாத்திரத்தின் கைகள் ஒன்றையொன்று துளைத்துக்கொண்டு நிற்கும். அதையெல்லாம் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

2002-இல் வெளிவந்த ‘தி டூ டவர்ஸ்’ படத்தில் வரும் கோலம் (Gollum) என்ற டிஜிட்டல் பாத்திரம் நல்ல எடுத்துக்காட்டு. நடிகர் ஆண்டி செர்கிஸ் நடித்த உடலசைவுகள் மோஷன் கேப்சரில் பதிவாயின. முகத்தை மட்டும் நியூசிலாந்தின் வெட்டா டிஜிட்டல் நிறுவன அசைவூட்டுநர்கள் அவருடைய நடிப்பின் வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கையால் அசைத்தார்கள். நடிகரின் தலையில் பொருத்திய சிறு கேமராவால் முகத்தையும் நேரடியாகப் பதிவு செய்யும் முறை பெரிய அளவில் பேசப்பட்டது 2009-இல் வந்த ‘அவதார்’ படத்தோடுதான். கோலத்தின் நடிப்பு செர்கிஸுடையதா, அசைவூட்டுநர்களுடையதா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. ஒருவரிடம் கேட்டால் ஒருவர் பெயரைச் சொல்வார். இருவர் கையும் சேராமல் அந்த முகம் கிடையாது என்பதே என் கருத்து.

படத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று

அனிமேஷன், வீடியோ கேம், விஷுவல் எஃபெக்ட்ஸ் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே, நெருக்கடிதான் வேறு. கணக்கிட்டு இறுதிப் படத்தை உண்டாக்கும் வேலைக்கு ‘ரெண்டரிங்’ என்று பெயர். திரைப்படத்துக்கு நொடிக்கு 24 படங்கள். ஒரு படத்தை ரெண்டர் செய்யப் பல மணி நேரம் ஆனாலும் பார்வையாளர் காத்திருப்பதில்லை, நிறுவனத்தின் கணினிகளே காத்திருக்கும். வீடியோ கேமில் நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, அதற்குள் பாத்திரம், எதிரிகள், மரங்கள், புகை எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆகவேதான் கேம் பாத்திரத்தில் பாலிகான்களுக்கும், ஒரு புள்ளியை ஆளும் எலும்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கிறார்கள். ஒரு புள்ளிக்கு நான்கு எலும்புகள் என்பது நெடுங்கால வழக்கம். பாத்திரம் தொலைவில் இருக்கும்போது காட்டுவதற்கென்று இன்னும் எளிய மெஷ்களும் தனியாக உண்டு.

விஷுவல் எஃபெக்ட்ஸில் பாத்திரம் உண்மையான படப்பிடிப்புக் காட்சிக்குள் நுழைய வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் ஒளி எங்கிருந்து வந்தது, கேமரா எப்படி நகர்ந்தது என்பதையெல்லாம் அளந்து வைத்து, டிஜிட்டல் உலகில் அதே ஒளியையும் அதே கேமராவையும் அமைக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் உண்மையான மனிதரோடு ஒவ்வொரு நொடியும் ஒப்பிடப்படுவதால், கார்ட்டூன் பாத்திரத்துக்குக் கிடைக்கும் சலுகை இங்கே கிடைக்காது.

படிக்க விரும்புகிறவர்களுக்கு

பெரிய நிறுவனங்களில் ஒருவரே எல்லாக் கட்டங்களையும் செய்வதில்லை. மாடலிங், டெக்ஸ்ச்சர், ரிக்கிங், அனிமேஷன், லைட்டிங் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலைஞர்கள் இருப்பார்கள். சிறிய நிறுவனங்களில் ஒருவரே இரண்டு மூன்று வேலைகளைப் பார்க்க நேரும். எதில் போனாலும், தம் வேலையை வாங்கிச் செய்யப்போகும் அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருப்பது அவசியம். ஆகவே தொடக்கத்தில் ஒரு முறையாவது, ஒரு கையை மட்டுமாவது, மாடலிங் முதல் அசைவு வரை தாமே செய்து பார்ப்பது நல்லது. முழு வீரனைச் செதுக்கித் தலைமயிரில் சிக்கிக்கொண்டு பாதியில் விடுவதைவிட, விரல்களை மடக்கக்கூடிய ஒரே ஒரு கை அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கருவிகளுக்கான செலவு இன்று பெரிய தடையாக இல்லை. 2002-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட பிளெண்டர் முற்றிலும் இலவசம். அதில் உருவான லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. மாயா, ஜீபிரஷ், சப்ஸ்டன்ஸ் பெயின்டர் முதலியவை நிறுவனங்களில் புழங்குவதால் பின்னர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மெஷ், யூவி, வெயிட் ஆகியவை ஒன்றில் புரிந்துவிட்டால் அடுத்ததற்கு மாறுவது பொத்தான் இருக்கும் இடத்தைத் தேடுகிற வேலைதான். எபிக் கேம்ஸ் 2021-இல் அறிமுகப்படுத்திய மெட்டாஹ்யூமன் போன்ற கருவிகள் ரிக்கோடு கூடிய மனித உருவத்தை ஆயத்தமாகத் தந்துவிடுகின்றனவே என்று கேட்கலாம். பொதுவான மனித உருவம் மட்டும் போதும் என்கிற இடத்தில் அவை போதும். ஆறு கால்களோடு ஓர் உயிரினத்தை இயக்குநர் கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் ஆண்டில் மனித உருவ ஓவியமும் உடற்கூறும் பாடமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்னைத் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் பட்டப்படிப்பாக இருக்கின்றன. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ‘அனிமேஷன் ஃபிலிம் டிசைன்’ என்ற பாடப்பிரிவாக அதைக் கற்பிக்கிறது. தனியார் நிலையம் என்றால், முடித்துப்போன மாணவர்களின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் நிறம் பூசிய படத்தோடு நின்றுவிடாமல், மெஷ்ஷின் கோடுகள் மட்டும் தெரியும் ‘வயர்ஃப்ரேம்’ தோற்றத்தையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அங்கே டோபாலஜி எந்த அளவுக்குச் சொல்லித் தரப்படுகிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்பும் ‘ஷோரீல்’ என்ற வேலைத் தொகுப்பு வீடியோவுக்கும் இதே அளவுகோல்தான். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. ஆகச் சிறந்ததை முதலில் வையுங்கள், சுமாரானதை எடுத்துவிடுங்கள். பாத்திரத்தை ஒரு சுற்றுச் சுழற்றிக் காட்டுங்கள். பிறகு அதே சுழற்சியை வயர்ஃப்ரேமில் காட்டுங்கள். ரிக்கிங் வேலைக்கு விண்ணப்பித்தால் தோள், முழங்கால், தாடை ஆகியவை முழு அளவுக்கு மடங்குவதைக் காட்டுங்கள். குழுவாகச் செய்த படமாக இருந்தால், எந்தப் பகுதி உங்கள் கைவேலை என்பதை ஒவ்வொரு ஷாட்டின் ஓரத்திலும் எழுத்தில் குறிப்பிடுங்கள். நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.